எடையின் இடம்

மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்படும் சைக்கிளின் எடையை ஏன் குறைக்க வேண்டும்? ஏறுகிறவன் குறைப்பது புரிகிறது. ஒவ்வொரு கிராமையும் அவன் கால் தூக்கியாக வேண்டும். இறங்குகிறவனைப் பூமி இழுத்துக்கொள்கிறது. பல இடங்களில் அவனையும் சைக்கிளையும் மேலே கொண்டு சேர்ப்பதுகூடக் கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டிதான். காற்றின் தடையையும் கணக்கில் எடுத்தால், ஒரே அளவுள்ள இரண்டில் கனமானது சற்று வேகமாகவே இறங்கும். பள்ளிக்கூட பௌதிகம் இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் இந்தச் சைக்கிள்களைக் கட்டுகிறவர்கள் தராசை முன்னால் வைத்துக்கொண்டு போல்ட் போல்ட்டாக நிறுத்துப் பார்க்கிறார்கள். இதை ஒரு பித்து என்று ஒதுக்கிவிடலாம்தான். 'குறை, இன்னும் குறை' என்பதையே விமர்சனத்தின் முதல் வாக்கியமாகவும் கடைசி வாக்கியமாகவும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு வட்டத்தைச் சேர்ந்தவன் நான். என்னால் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியவில்லை.

என் தம்பிக்கு எடின்பரோவில் வேலை. விடுமுறை நாட்களில் ஃபோர்ட் வில்லியத்துக்குப் போய் ஆனக் மோர் மலையிலிருந்து இறங்குகிறான். 2002-லிருந்து பலமுறை உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டி நடந்த தடம் அங்கேதான் இருக்கிறது: ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளம், 550 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கம், பெரும்பகுதி பாறை. 2024 கோடையில் மூன்று வாரம் நான் அவனோடு இருந்தபோது, பழையதாக வாங்கிய ஓர் அலுமினிய ஃப்ரேமை வைத்துப் புது சைக்கிள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பின்னறையில் செய்தித்தாள் விரித்து உதிரிகளைப் பரப்பியிருந்தான். ஓரத்தில் சமையலறைத் தராசு. நிறுப்பது அவன், நோட்டில் எழுதுவது நான்.

முதல் கூட்டல் 17.4 கிலோ. ட்யூப் ஒன்று 400 கிராம். இரண்டையும் எடுத்துவிட்டு, ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் பால் போன்ற திரவத்தைச் சக்கரத்துக்கு 120 கிராம் வீதம் ஊற்றியதில் 560 கிராம் போயிற்று. ஷாக்கின் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் டைட்டேனியம் ஸ்பிரிங்: 180. பின்சக்கரத்தில் பதினோரு பல்சக்கரங்கள் இருந்த இடத்தில் ஏழு. இறங்குகிறவனுக்கு ஏழு போதும்: 160. முன்டயரைக் கொஞ்சம் மெல்லிய உறையுள்ளதாக மாற்றியதில் 200. கடைசியாக டைட்டேனியம் போல்ட்டுகள். அவற்றின் விலையை நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், பிறகு பெருக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மிச்சமானது 40 கிராம். ஆக 16.26 கிலோ. மறுநாள் அவன் பின்டயருக்குள் ஒரு நுரை வளையத்தைச் செருகினான். அதன் எடை 200 கிராம். ஒரு வாரம் பாடுபட்டுக் குறைத்ததில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

"காத்து கம்மியா வச்சாத்தான் டயர் தரையைப் பிடிக்கும், அண்ணா. கம்மியா வச்சா பாறையில ரிம் அடிவாங்கும். அதுக்குத்தான் இது" என்றான்.

என் உத்தியோகத்தில் இது எனக்குத் தெரிந்த விஷயம். நகைக்கடன் கவுண்டரில் ஒவ்வொரு நகைக்கும் இரண்டு எடைகள் எழுதுகிறோம்: மொத்த எடை, நிகர எடை. கல்லுக்குக் கழிவு, கயிற்றுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு. வங்கிக்குத் தங்கம் மட்டுமே பொருள். ஆனால் உள்ளே கூடாக இருக்கும் நகையில் அந்த அரக்குதான் தகடு நசுங்காமல் உருவத்தைக் காப்பாற்றுகிறது. கழித்து எழுதப்படுவது எல்லாம் பயனற்றது என்று பொருள் இல்லை. அந்தக் கணக்குக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். கணக்கு மாறினால் கழிவும் மாறும்.

இறக்கத்தின் கணக்கு என்ன? சக்கரம் ஒரு பாறையில் மோதியதும் மேலே எழ வேண்டும். எழுந்த வேகத்தில் திரும்பவும் தரைக்கு வர வேண்டும். தரையை விட்டிருக்கும் டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. சக்கரமும் டயரும் கனமாக இருந்தால் ஒருமுறை எறியப்பட்டது திரும்பி வரத் தாமதமாகும். எனவே ஷாக்குக்குக் கீழே, தரையோடு சேர்ந்து எழுந்து விழும் பாகங்களில் எடை குறைவது லாபம். ஷாக்குக்கு மேலே இருக்கும் ஃப்ரேமின் கதை வேறு. அதை மிகவும் இலேசாக்கினால் சக்கரம் வாங்கும் அடி ஒவ்வொன்றும் அதைத் தூக்கி அடிக்கும். கொஞ்சம் கனம் இருந்தால் அது நிதானமாக இருக்க, சக்கரம் மட்டும் தன் வேலையைப் பார்க்கும். அண்மை ஆண்டுகளில் உலகக் கோப்பைப் போட்டியாளர்கள் சிலர் பெடல் அச்சுக்குப் பக்கத்தில், ஃப்ரேமின் அடிப்பாகத்தில், வேண்டுமென்றே எடை கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கார்பன் இழையில் ஃப்ரேம் செய்து எடையைக் குறைக்கப் பல வருஷம் செலவழித்த ஒரு விளையாட்டு, அதே ஃப்ரேமில் உலோகத்தைக் கொண்டுவந்து கட்டுகிறது. தங்களையே மறுத்துக்கொள்கிறார்கள் என்று இதைச் சொல்ல மாட்டேன். எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து எங்கே என்ற கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த விளையாட்டின் ஆரம்பத்திலேயே இது இருந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1976-ல் சில இளைஞர்கள் ஒரு மண்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடையவை 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட ஷ்வின் போன்ற பழைய சைக்கிள்கள். மட்கார்டையும் செயின்கார்டையும் கழற்றி எறிந்தது முதல் வேலை. பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், ஓர் இறக்கத்துக்குள் சூடேறி, ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கு 'ரீபாக்' என்று பெயர் வந்தது. பிறகு டிரம் பிரேக்குகள் வந்தன, மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகள் வந்தன, கியர்கள் வந்தன. கழற்றிய கனம் வேறு இடத்தில் ஏறிக்கொண்டது. பிரீஸ் 1977-ல் இந்த வேலைக்கென்றே ஃப்ரேம் கட்டத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகுதான். எதைக் கழற்றலாம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எது தாங்கும் என்பது உடைந்த பிறகே தெரிந்தது.

தம்பியின் கணக்கிலும் உடைந்தது ஒன்று உண்டு. 2022-ல் விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. இந்தப் புது சைக்கிளில் ஹேண்டில்பாரை மட்டும் அவன் அலுமினியத்திலேயே வைத்திருக்கிறான். கார்பனில் போட்டால் 100 கிராம் குறையும். கார்பன் பலவீனமானதல்ல; உலகக் கோப்பையிலேயே அது ஓடுகிறது. ஆனால் விழுந்து எழுந்தபின் அதன் உள்ளே ஏதாவது பிளந்திருந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். அவனுக்கு அது சரிப்படவில்லை. கை பற்றியிருக்கும் இடத்தில் கிராம் பார்ப்பதில்லை என்பது அவன் வைத்துக்கொண்டிருக்கும் விதி. விதியின் விலை 100 கிராம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மாவுக்கு எலும்பு முறிந்த விஷயம் இன்றுவரை தெரியாது. ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இளைச்சுட்டானாடா?" எங்கள் வீட்டில் எடை குறைவதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

கீத் பான்ட்ரேகர் என்ற சைக்கிள் வடிவமைப்பாளர் சொன்னதாக வழங்கும் ஒரு விதி இருக்கிறது: உறுதி, இலேசு, மலிவு இந்த மூன்றில் இரண்டு மட்டுமே உனக்குக் கிடைக்கும். நம் சொற்சிக்கனம் பற்றிய பேச்சில் இப்படி ஒரு விலைப்பட்டியல் இல்லை. வார்த்தை குறைந்தால் இறுக்கம் கூடும், இறுக்கம் கூடினால் கவிதை கூடும் என்ற கூட்டல் மட்டும் இருக்கிறது. கூட்டுத்தொகையைப் பார்க்கும் விமர்சனம் இது. ஒரு வினைச்சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அலங்காரம் சக்கரத்தின் மேலுள்ள கனம். வரி அசையும்போதெல்லாம் அது வரியைத் தரையிலிருந்து எறிகிறது. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கவிதையின் நடுவில் அசையாமல், பேச்சுவழக்காக, கவித்துவம் ஏதுமின்றிக் கிடக்கும் ஒரு வரி அதே ஜாதிக் கனம் அல்ல.

ஒரு நண்பரின் கவிதை இப்போது என் மேஜையில் இருக்கிறது. பதினான்கு வரிகள். அவர் தந்தை கடைசி நாட்களைக் கழித்த ஆஸ்பத்திரி அறையைப் பற்றியது. ஏழாவது வரி அந்த அறையின் ஒருநாள் வாடகை என்ன என்பதைச் சொல்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை. முன்பே படித்த இருவர் அதன் ஓரத்தில் 'வசனம், வெட்டலாம்' என்று பென்சிலால் குறித்திருக்கிறார்கள். அதை மறைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். மற்ற பதின்மூன்றும் அழகாகத்தான் இருந்தன. எதன் மேலும் படியாமல் தாவித் தாவிப் போயின. அந்த வரி இருக்க வேண்டும் என்று அவருக்கு எழுதப்போகிறேன். இரண்டாம் வரியிலும் பன்னிரண்டாம் வரியிலும் வினைகளைத் தொற்றிக்கொண்டிருக்கும் அடைமொழிகளைப் பற்றி எழுதப்போவது வேறு.