கூலி எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நான் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு அப்பாவும் அம்மாவும் என்னோடு மூன்று வாரம் தங்கிப் போனார்கள். இந்த ஊருக்கு உறவினர் வந்தால் எல்லோரும் காட்டும் இடங்கள் உண்டு: டேபிள் மலை, பென்குயின் கடற்கரை, ஸ்டெல்லன்போஷ் பக்கத்து ஒயின் பண்ணைகள். நானும் அங்கெல்லாம் கூட்டிப் போனேன். ஆனால் வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துபோகும் விஷயங்களைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பழைய பண்ணைகள் பலவற்றில் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். அம்மா அதைப் பார்த்து, "இங்க சர்ச் இருக்கா?" என்று கேட்டார். அது அடிமைகளை வேலைக்கு அழைக்க அடித்த மணி. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் குடியேறியது. 1658இலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகளை இறக்கியது. 1659இல் இங்கே முதல் ஒயின் பிழியப்பட்டது. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியா மட்டுமல்ல, வங்கம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் ஆட்களைப் பிடித்து வந்தார்கள். அப்பாவின் ஊர் நாகப்பட்டினம் பக்கம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்ததும் இதே கம்பெனிதான்.

1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 'டொப்' முறை ஒழியவில்லை. கூலியின் ஒரு பகுதியாக மட்டமான ஒயினையே கொடுப்பதுதான் டொப். ஒரே நாளில் பல முறை குவளையில் ஊற்றுவார்கள். குடிக்குப் பழகியவர் பண்ணையை விட்டுப் போகமாட்டார், கூலி உயர்வும் கேட்கமாட்டார் என்பது முதலாளியின் கணக்கு. சட்டம் தடை செய்த பிறகும் பல பண்ணைகளில் 1990கள் வரை இது நீடித்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் இந்த மேற்கு கேப் மாகாணமும் ஒன்று. அப்படிப்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்குப் போவது என் வேலை.

எங்களோடு வந்திருந்த இந்திய நண்பர் ஒருவர், சாலையோரம் வண்டிக்குக் காத்திருந்த தொழிலாளர்களைக் காட்டி, "எவ்வளவு கொடுத்தாலும் குடிச்சே அழிச்சிடுவாங்க" என்றார். அப்பா அவரிடம், "இவங்களுக்கு நாள் கூலி எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். நண்பருக்குத் தெரியவில்லை. "கூலி தெரியாது, குடி மட்டும் தெரியுதா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வண்டியில் யாரும் பேசவில்லை.

அப்பாவுக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. எங்கள் தாத்தா பண்ணையாள். கூலி நெல்லாக வரும், கடன் பண்ணையார் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கை எழுதியவர்கள்தான் எங்கள் தெருவைச் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்றும் சொன்னார்கள். முதலில் கூலியில் ஏமாற்றுவது, பிறகு ஏமாந்தவரின் குணத்தைக் குறை சொல்வது. பண்ணையடிமை முறை எங்கே இருந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அன்றிரவு டி டூர்ன்ஸ் வேலைநிறுத்தத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். 2012 இறுதியில் அங்கே திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 69 ராண்ட் நாள் கூலியை 150 ஆக்கக் கேட்டுச் சாலையில் இறங்கினார்கள். போராட்டத்தில் உயிர்களும் போயின. 2013 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 105 ராண்ட் ஆனது. அப்பா வெண்மணியைப் பற்றிப் பேசினார். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வும் சங்கமும் கேட்டதற்காக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது அப்பாவுக்குப் பத்து வயது.

நகரத்தில் அவர்களை டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். 1966இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். இடித்துத் தள்ளிய தெருக்களின் வரைபடம் அருங்காட்சியகத்தின் தரையில் விரிந்து கிடக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். அம்மா மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். "நம்ம தெருவுக்கு இப்படி ஒண்ணு யாரு வரைவா?" என்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. இங்கே 1994இல் ஆட்சி மாறியது, சட்டப் புத்தகத்தில் இருந்த பாகுபாடு போனது. சாதிக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படுவதில்லை. ஆனால் நினைவைக் காப்பாற்றும் வேலையை இவர்களிடமிருந்து நாம் கற்கலாம். வீடு இழந்தவர்களே அந்த வரைபடத்தில் பெயர் எழுதினார்கள்.

அம்மாவின் கேள்விக்கு நாம்தான் பதில். உங்கள் தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். நாள் கூலி எத்தனை மரக்கால், எந்த வருஷம், யார் அளந்தார்கள், அந்த மரக்கால் சரியான அளவாக இருந்ததா? சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்.