எதிர் விளிம்பைப் பார்

"அண்ணே, இது மிண்ட் எரர்தானே?" காகிதத்தில் பொதிந்து வைத்திருந்த ஒரு ரூபாயை நீட்டினான் பையன். 1985ஆம் வருடத்து நாணயம். ஓரத்தில் பிஸ்கட்டைக் கடித்தது போல் ஒரு பிறை குறைந்திருந்தது.

தராசில் வைத்தேன். 6 கிராம் இருக்க வேண்டியது, 5.6 காட்டியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாணயச்சாலையில் குறைந்தாலும் எடை குறையும், அரத்தால் ராவினாலும் குறையும். தொழிலுக்கு வந்த புதிதில் எடையை மட்டும் நம்பி இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்து, வெட்டை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பில்தான் முதலில் லென்ஸை வைக்கிறேன்.

நாணயம் உருவாகும் வரிசைதான் காரணம். தகட்டிலிருந்து வில்லைகளைத் தட்டி எடுக்கும்போது, தகடு சரியாக நகராமல் முந்தைய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்தால் வில்லையில் பிறை குறைந்துவிடும். அடுத்து வில்லையைச் சுற்றிலும் நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் அழுத்தத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. எதிர்ப்பக்கத்தில் விளிம்பு பெரும்பாலும் மெலிந்தே எழும். அச்சு விழுவது அதற்கும் பிறகுதான். அரம் பிடித்தவன் வெட்டைப் பிசகின்றிச் செய்துவிடுவான். எதிர் விளிம்பை மெலியவைக்க அவனுக்குத் தோன்றாது.

பையனின் காசில் எதிர் விளிம்பு முழுசாக நின்றது. வெட்டில் அரம் ஓடிய கோடுகள்; ஓர் எழுத்து நறுக்கென்று பாதியில் அறுந்திருந்தது. "வெளியே வந்த பிறகு வெட்டினது தம்பி" என்றேன். "எண்ணூறு ரூபா குடுத்தேண்ணே" என்றான். விற்றவன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெரித்து, எழுத்து இடம் வலம் மாறிப் பதிந்ததை அபூர்வம் என்று விற்பதும் உண்டு. அதில் காசின் சொந்த எழுத்துகள் நசுங்கி, அவற்றின் மேல் மற்றதன் பள்ளம் ஏறியிருக்கும். எது முதலில் வந்தது, எது அதன் மேல் வந்தது என்று கேட்டால் போதும்.

எல்லாச் சேதமும் மோசடி இல்லை. ஒரு பாட்டியம்மா 1862 விக்டோரியா ரூபாய் ஒன்று கொண்டுவந்தார். 11.66 கிராமுக்குப் பதில் 11.8 இருந்தது. அரசியின் கிரீடத்துக்கு மேல், விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு: பத்தர் பொடி வைத்து வளையம் பற்றவைத்திருந்த இடம். கூடுதல் எடை அதுதான். முகம் தெளிவாக இருந்தது. மார்பில் உரசிய பின்பக்கத்தில் மாலை வேலைப்பாடு வழவழத்து, வருடம் மட்டும் தப்பியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துமிருந்தார்கள்.

"எங்க அம்மா கழுத்துல கெடந்தது" என்றார்.

சேகரிப்பவர் யாரும் இதற்கு நல்ல விலை தரமாட்டார், வெள்ளி விலைதான் தேறும் என்று சொன்னேன். உறையின் மேல் 'வளையம் நீக்கியது' என்று எழுதி அவரிடமே கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.