அத்தை மாடும் ஆறு டியூபும்

இரண்டாம் வருடம் நுண்ணுயிரியல் தேர்வில் "சந்தர்ப்பவாதப் பூஞ்சைத் தொற்று - குறிப்பு வரைக" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. தேர்தல் சமயத்தில் கட்சி தாவுகிறவர்களுக்குச் சொல்லும் வார்த்தை பூஞ்சைக்கும் பொருந்துகிறதே என்று அங்கேயே சிரிப்பு வந்தது. நான்கரை வாங்கினேன். அந்த நான்கரை மதிப்பெண் என் அத்தை மாட்டுக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் போன கதைதான் இது.

அத்தை ஊர் ஈரோடு பக்கம். கட்டுத்தரையில் ஒரே ஒரு கறவை. ஜெர்சி கலப்பு, பெயர் லட்சுமி (வேறென்ன பெயர் இருக்கப் போகிறது!). கன்று போட்டு இருபது நாள், நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் கறந்துகொண்டிருந்தது. வீட்டுச் செலவு முக்கால்வாசி அந்தப் பால் பணத்தில்தான். தீபாவளி லீவுக்கு நான் போன அன்று, பின்பக்க வலது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. ஐப்பசி மழை, கட்டுத்தரை முழுக்கச் சேறு. மடிநோய் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"டாக்டரைக் கூப்பிடலாமா கண்ணு?" என்றார் அத்தை.

"எதுக்குங்க அத்தை, நான் பாத்துக்கறேன்."

பக்கத்து வீட்டம்மாவிடம் "எங்க பையன் மாட்டு டாக்டருக்குப் படிக்குது" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது. அப்புறம் எப்படி டாக்டரைக் கூப்பிடுவது?

மெடிக்கலில், காம்பு வழியாக மடிக்குள் செலுத்துகிற ஆன்டிபயாடிக் டியூப் மூன்று வாங்கினேன். மூன்று நாள் போட்டதில் திரி குறைந்தது. நான்காம் நாள் மறுபடி ஆரம்பித்தது. வேறு கம்பெனி டியூப் இன்னும் மூன்று. காம்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பஞ்சு இல்லை, லுங்கியில் துடைத்தேன். ஐந்தாவது டியூப் போடும்போது லட்சுமி காலை உதற, டியூப் கீழே விழுந்தது. அதன் மூக்கையும் அதே லுங்கியில் துடைத்து உள்ளே விட்டேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

எட்டாம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல். அந்தப் பக்கத்து மடி கல் மாதிரி இறுகிவிட்டது. தொட்டால் உதைத்தது. பால் பாதியாகிவிட்டது. ஆனால் தீவனம் மட்டும் ஓரளவு தின்றது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு அத்தை என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

"எத்தனை டியூப் போட்டீங்க தம்பி?"

"ஆறுங்க சார்."

"பாலை டெஸ்ட்டுக்கு அனுப்பினீங்களா?"

"இல்லைங்க சார்."

அவர் திட்டவில்லை. ஆன்டிபயாடிக்கை எல்லாம் நிறுத்தச் சொன்னார். காம்பைச் சுத்தமாகத் துடைத்து, முதல் பீச்சலை விட்டுவிட்டு, சுத்தமான பாட்டிலில் பாலைப் பிடித்து என் கையில் கொடுத்து, "நீங்களே காலேஜ் லேபுக்குக் கொண்டு போய்ப் பாருங்க" என்றார்.

இரண்டு நாளில் தட்டில் வளர்ந்திருந்தது. வெண்ணெய் தடவியது போல வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள், புளித்த மாவு வாசனை. கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய முட்டை வடிவ உருண்டைகள். ஒன்றின் தோளில் இன்னொரு குட்டி உருண்டை முளைத்துக்கொண்டிருந்தது. கேண்டிடா. ஈஸ்ட் வகைப் பூஞ்சை. என் நான்கரை மதிப்பெண் பதிலில் முதல் வரியிலேயே எழுதிய பெயர்!

கேண்டிடா வெளியூரிலிருந்து வந்ததல்ல. மாட்டின் தோலிலும் குடலிலும் கட்டுத்தரையிலும் எப்போதும் இருப்பதுதான். சாதாரண நாளில் அதனால் ஒன்றும் ஆகாது. காம்புத் துவாரத்தில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கிறது, உள்ளே வெள்ளணுக்கள் இருக்கின்றன, இடத்துக்குப் போட்டி போடும் பாக்டீரியா இருக்கிறது. நான் டியூப் மூக்கை விட்டு அடைப்பைத் தாண்டினேன். லுங்கி அழுக்கோடு பூஞ்சையையும் உள்ளே தள்ளினேன். பிறகு ஆன்டிபயாடிக்கால் போட்டிக்கு இருந்த பாக்டீரியாவையும் காலி செய்தேன். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுப்பவை. பூஞ்சையின் சுவர் கைட்டின், குளுக்கான் என்று வேறு சரக்கால் ஆனது. ஆறு என்ன, அறுபது டியூப் போட்டாலும் அதற்கு உறைக்காது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. ஆன்டிபயாடிக் பரவலாக வந்த காலத்திலேயே மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொல்லை கூடுவதைக் கவனித்திருக்கிறார்கள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் தேடித்தேடி, 1950ல் ஒரு பூஞ்சைக்கொல்லியை அறிவித்தார்கள். அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் ஸ்டேட் பெயரையே சுருக்கி நிஸ்டாட்டின் என்று வைத்தார்கள்.

அந்த மருந்தைப் போட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். (திருந்துகிற ஜென்மமா நான்!) மடிக்குள் அதனால் பெரிய பலன் இருக்காது, சில மருந்து எரிச்சலைத்தான் கூட்டும் என்றார். வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் அந்தக் காம்பை முழுக்கப் பீச்சிக் கொட்ட வேண்டும். பாலோடு பூஞ்சையும் வெளியேறும், மீதியை மாட்டின் உடம்பே பார்த்துக்கொள்ளும். கன்றை அந்தக் காம்பில் விடக்கூடாது.

லேபிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி பீச்சும்போது அத்தையிடம் சொல்லிவிட்டேன். "நோவு தானா வந்தது ஒண்ணு, நான் கொண்டாந்து வுட்டது ஒண்ணுங்க அத்தை." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லைட்டைச் சரியாப் புடி கண்ணு, கீழ சிந்துது" என்றார். லீவு முடிந்து நான் கிளம்பிய பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீச்சியதெல்லாம் அவர்தான்.

ஐந்து வாரத்தில் மடி இளகியது. காம்பு போகவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் அந்த ஈத்து முழுக்க அந்தக் காம்பு பாதிப் பால்தான் கொடுத்தது. மருந்து போட்ட நாட்களிலும், அதன் பிறகு லேபிளில் சொன்ன நாட்கள் வரையிலும், எந்தக் காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்ற முடியவில்லை. அந்தப் பணத்தை அத்தை என்னிடம் ஒரு நாளும் கணக்குப் பேசியதில்லை. அதனால்தான் எனக்குக் கணக்கு மறக்கவில்லை.

இப்போது கிளினிக்கில் பூஞ்சை கேஸ் பார்க்கும்போதெல்லாம், இதற்கு வழி விட்டது எது என்றுதான் முதலில் தேடுகிறேன். நாய்க் காதில் மலசீசியா பெருகினால் பின்னால் பெரும்பாலும் ஒரு அலர்ஜி ஒளிந்திருக்கும். கோழிக்குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் கீழே விரித்த உமி பூசணம் பிடித்து, ஆஸ்பெர்ஜில்லஸ் ஏறியிருக்கலாம். குஞ்சைக் காப்பாற்ற மருந்து கிடையாது, உமியை மாற்றி மற்ற குஞ்சுகளைத்தான் காப்பாற்ற முடியும்.

லீவில் ஊருக்குப் போய் "நானே பாத்துக்கறேன்" என்று சொல்லப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: முதல் டியூபுக்கு முன்னால் பாலை எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் பஞ்சு இல்லையென்றால் டியூபைத் தொடாதீர்கள். மூன்று டியூபில் கேட்கவில்லை என்றால் நான்காவதை வாங்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். கௌரவம் எங்கேயும் போய்விடாது.

லட்சுமி இப்போது சினை. இந்த முறை லீவுக்குப் போகும்போது ஒரு கட்டு ஸ்பிரிட் பஞ்சு வாங்கிப் போகிறேன்.