சீவத் தெரிந்த கை

மலேசியாவின் பூச்சோங்கில் இன்று ரப்பர் பால்மரத்தைத் தேடினால் பெயர்கள்தான் மிஞ்சும். கின்றாரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. நிரை நிரையாக மரம் நின்ற நிலத்தில் அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் நிற்கின்றன. மரத்தையே பார்க்க வேண்டுமானால் கிழக்கே உலு லங்காட் மாவட்டத்துக்குப் போக வேண்டும். தித்திவங்சா மலைத்தொடர் இறங்கிவரும் சுங்கை லூய் பக்கத்தில், காட்டுக்கும் டுரியான் தோப்புகளுக்கும் நடுவே, கம்பத்துச் சிறு தோட்டங்களாக ரப்பர் இன்னும் இருக்கிறது. அங்கே நான் பார்க்க விரும்பியது மரத்தின் பட்டையை. பாலுக்காகச் சீவும் கத்தி போன தடம் பட்டையைவிட்டு எளிதில் மறையாது என்பதால், ஒரு தொழிலாளியின் வேலைத்தரத்துக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மரம் சீவுவதை நூறாண்டுக்கும் மேலாகத் திறன் வேண்டாத கூலி வேலை என்றே எழுதி வந்திருக்கிறார்கள். அது வேலையைப் பார்த்து எழுதியதல்ல, கூலியைக் குறைத்து வைப்பதற்காக எழுதியது என்பதே என் வாதம்.

சீவிய மரத்தின் முன் நின்றால் முதலில் தெரிவது சாய்வு. வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் ஏறத்தாழ 30 பாகை தாழ்ந்து, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓடி, பால் சேரும் கிண்ணமான மங்கில் முடிகிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். அந்தக் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலமான கேம்பியம் இருக்கிறது. கத்தி மேலாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுபடி சீவ உதவாமல் போகும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து, குழாய்களின் அழுத்தம் தளர்ந்து, பால் ஓட்டம் மந்தமாகும். ஆகவே இந்த நுட்பமெல்லாம் விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், ஒரு காலைக்கு ஐந்நூறு மரம் என்ற கணக்கில் நடந்தாக வேண்டும். மரத்துக்கு அரை நிமிடம் கிடைப்பதே அரிது.

இந்த நுட்பத்தின் விலையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவப்படுகிறது, ஆண்டுக்கு 150 நாள் வெட்டு என்று வைத்துக்கொண்டால், 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். 130 சென்டிமீட்டர் உயரப் பட்டை ஆறு ஆண்டுக்கு வரும். அதையே இரண்டரை மில்லிமீட்டராகச் சீவும் கை மூன்றரை ஆண்டில் முடித்துவிடும். சீவிய பக்கத்தில் புதுப்பட்டை தடிப்பதற்குள் அங்கே திரும்பிப் போக வேண்டிவரும். இருபத்தைந்து முப்பது ஆண்டு பலன் தர வேண்டிய மரத்தின் ஆயுள் இந்த ஒரு மில்லிமீட்டரில் தொங்குகிறது. 

இதைத் தோட்ட நிர்வாகங்கள் அறியாதவை அல்ல. மரத்தைக் கொல்லாமல் தினமும் மெல்லிய சீவலாக எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்துக் காட்டிய பிறகே மலாயாவில் ரப்பர் பெருந்தொழிலானது. 1925இல் இதற்கென ரப்பர் ஆய்வுக் கழகமே அமைந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எவ்வளவு பட்டை செலவாகலாம் என்பதெல்லாம் ஆராயப்பட்டன. தீம்பாரில், அதாவது மரம் சீவும் தோட்டக்காட்டில், வேலையை மேற்பார்த்த கங்காணியும் கணக்கெழுதிய கிராணியும் காயங்களை எண்ணினார்கள். ஆழமாக வெட்டியவர் ஏச்சும் கூலிவெட்டும் வாங்கினார். திறன் தவறியதற்குத் தண்டனை இருந்தது, திறனுக்கு ஊதியம் இல்லை. ஒரே ஏட்டில் இரண்டையும் எழுத முடிந்தது என்றால், அந்த ஏடு வேலையை அளக்க வைத்ததல்ல.

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் 1941 வேலைநிறுத்தம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஆர்.எச்.நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கூலி தமிழர்களுக்கும் வேண்டும் என்பது. மரமும் பாலும் ஒன்றாக இருந்தும் கூலி இனத்தைப் பார்த்து வேறுபட்டது. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திறனே கூலியைத் தீர்மானித்தது என்றால் இந்தக் கோரிக்கைக்கே இடம் இருந்திருக்காது.

சில வாரங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையை எப்படிக் கைத்திறன் என்பது என்று கேட்கலாம். கத்தி பிடிக்கச் சில வாரம் போதும் என்பது உண்மை. ஆனால் ஒரு மரத்தின் பட்டைத் தடிப்பை இருட்டில் கைப்பழக்கத்தால் அறிந்து, ஐந்நூறாவது மரத்திலும் முதல் மரத்தின் அளவையே காப்பது வாரங்களில் வருவதில்லை. கற்கும் காலத்தை மட்டும் வைத்துத் திறனை அளந்தால், தவறினால் நேரும் இழப்பு கணக்கிலேயே வராது. இங்கே அந்த இழப்பு ஆறாண்டுக்கும் மூன்றரை ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை என்றிருந்த வாழ்க்கையை இப்போது கலையாக்கிப் புகழ்வது தோட்டக் குடியிருப்பான லயத்தின் வறுமைக்குப் பொன்முலாம் பூசுவதாகாதா? தம் பிள்ளைகள் கத்தி எடுக்கக் கூடாது என்றுதானே பெற்றோரே பள்ளிக்கு அனுப்பினார்கள்? அனுப்பினார்கள், அது சரியான முடிவும்கூட. யாரையும் நிரைக்குத் திருப்பி அனுப்ப நான் கேட்கவில்லை. அவர்கள் வெறுத்தது கூலியையும் அவமதிப்பையும்தான். கைத்திறன் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக அதைப் படிக்கக் கூடாது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தத் தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். வேலைமீது வெறுப்பு மட்டும் இருந்தவர்கள் அதற்குக் காசு சேர்த்திருக்க மாட்டார்கள்.

இன்று மலேசியாவில் சீவ ஆளின்றி நிற்கும் சிறு தோட்டங்கள் ஏராளம். இதற்கு முதற்காரணம் ரப்பர் விலைதான். திறன் அழிந்ததால் மட்டும் இப்படி ஆயிற்று என்று சொன்னால் அது மிகை. ஆனாலும் யாரும் செய்யக்கூடியது என்று சொல்லப்பட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, எந்திரக் கத்திகளும் கையின் இடத்தை முழுதாகப் பிடிக்கவில்லை என்பதைப் பழைய கணக்கால் விளக்க முடியாது.

பூச்சோங் போன்ற இடங்களில் தோட்டம் வீடமைப்பாக மாறியபோது, நிலத்தின் மதிப்பு பன்மடங்கு ஏறியது. அந்த நிலத்தில் மரங்களை முப்பதாண்டு காத்த கைகளின் மதிப்பு, எத்தனை ஆண்டு வேலை, நாள் கூலி எவ்வளவு என்ற பெருக்கலோடு நின்றது. அந்த நாள் கூலியே திறனைக் கழித்துப் போட்ட கூலி என்பதால், இழப்பீடும் அதே குறையைச் சுமந்தது. குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகித் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். பூச்சோங்கில் பால் எடுத்தவர்களுக்கு அது எட்டவில்லை. திறன் வேண்டாத வேலை என்ற அதே சொல்லை இன்று செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிமீது ஒட்டுகிறோம். திறனற்றவர் என்று ஒருவரை எழுதுமுன் அவர் வேலை தவறினால் என்ன இழப்பு நேரும் என்று கேட்டாக வேண்டும். தாத்தா பாட்டியின் பட்டைக் கணக்கை அறிந்த நமக்கு, அந்தக் கேள்வியை முதலில் எழுப்பும் கடமை உண்டு.