மும்பை மழை, சென்னைக் காத்திருப்பு

மும்பையில் விடியற்காலையிலிருந்தே அடைமழை. சென்னை விமான நிலையத்தில் போக்குவரத்து ஓட்டத்தைக் கவனிக்கும் மேசையில் ஏழு மணிக்கே தொலைபேசி ஓயவில்லை.

திரையில் மணிவாரியாகக் கம்பங்கள். மும்பையில் எந்த மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் இறங்கப்போகின்றன என்ற கணக்கு அது. குறுக்கே ஒரு கோடு: அந்த நிலையம் தாங்கும் அளவு. 2018இல் ஒரே நாளில் ஆயிரம் விமானங்களுக்கு மேல் கையாண்ட நிலையம் அது. ஆனால் இரண்டு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக்கொள்வதால், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். மழையில் விமானங்களுக்கு நடுவே இடைவெளியும் கூட்ட வேண்டும். கோடு கீழே இறங்கிவிட்டது. ஒன்பது, பத்து மணிக் கம்பங்கள் அதைத் தாண்டி நின்றன.

முன்பெல்லாம் எல்லா விமானங்களும் கிளம்பிப் போய் மும்பை வானில் வட்டமடிக்கும். ஏ320 போன்ற விமானம் அப்படிச் சுற்றினால் மணிக்குச் சுமார் 2 டன் எரிபொருள் வீண். இப்போது அந்தக் காத்திருப்பைத் தரைக்கு மாற்றியிருக்கிறார்கள். டெல்லியில் உள்ள மையம் இறங்கும் முறையைப் பங்கிடுகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கு. 7:50க்குக் கிளம்பவேண்டிய ஒரு விமானத்துக்கு மும்பையில் 10:20க்கு இடம் கிடைத்தது. பறக்க 1 மணி 40 நிமிடம். ஆக, 8:40க்கு ஓடுபாதையிலிருந்து எழும்ப வேண்டும். இந்த நேரத்தைத்தான் ‘சீடாட்’ என்கிறார்கள். 5 நிமிடம் முந்தலாம், 10 நிமிடம் பிந்தலாம். அதற்குமேல் சலுகை கிடையாது.

எட்டேகாலுக்கு மேசையிலிருந்த பெண் அதிகாரிக்கு விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு. “மேடம், ஒரு பயணி வரலை. அவர் பெட்டியைத் தேடி இறக்கணும்.”

“8:50 தாண்டினா இந்த நேரம் போயிடும் சார். புதுசாக் கேக்கட்டுமா, இல்ல உங்க அடுத்த விமானத்தோட மாத்திக்கறீங்களா?”

மறுமுனையில் யோசனை. அதிகாரி காத்திருக்காமல் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தகவல் சொல்லிவிட்டார். பெட்டி அகப்பட்டது. 8:47க்கு விமானம் எழும்பியதைத் திரையில் பார்த்ததும், பக்கத்திலிருந்த எனக்கே மூச்சு வந்தது. அவர் அதற்குள் கொல்கத்தா விமானம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து ஏற்கெனவே பறந்து வந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கு இந்தத் தாமதம் இல்லை. சுமை முழுக்க உள்நாட்டு விமானங்கள் தலையில். “வானத்துல இருக்கறதை நிறுத்த முடியாதே சார்” என்றார். நியாயம்தான். ஆனால் பயணியாக நான் இதுவரை கேட்டதெல்லாம் ‘இயக்கக் காரணங்களால் தாமதம்’ என்ற அறிவிப்பு மட்டுமே. மும்பையில் மழை, நமக்கு 8:40க்கு முறை என்று வெளிப்படையாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு நேர்மையாகப் போட்ட கணக்கை மூடிமறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கோட்டைக் கீழே இறக்க மழைதான் வேண்டுமென்பதில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார்: “அன்னிக்கு மும்பைக்காரங்க வெயிட் பண்ணுவாங்க. நாங்க இங்கேருந்து ஃபோன் போட்டு, ‘இன்னும் அரைமணி விடாதீங்க’ன்னு கெஞ்சிட்டிருப்போம்.”