காற்றுக்குக் கணக்கு வைப்பவர்கள்

சிலிண்டருக்குள் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் ஒரகடத்திலிருந்து வேன் ஏறி வந்த எல்லோரும் நினைத்திருந்தார்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி வழிகாட்டி அதைத் திருத்தினார். "ஆக்சிஜன் இல்லைங்க, காத்துதான். நாம இப்ப இழுக்கிற அதே காத்து." ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை வடிகட்டி, ஈரத்தை நீக்கி, 200 பார் அழுத்தத்துக்கு அமுக்கி அடைக்கிறார்கள். 11 லிட்டர் தண்ணீர் கொள்ளும் அலுமினிய உருளைக்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடங்கிவிடுகிறது.

"இருநூறு பாரா?" என்று கேட்டவர் மோட்டார் சைக்கிள் இன்ஜின் பூட்டும் லைனில் வேலை செய்பவர். சிலிண்டர் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். "எங்க லைன்ல ஆறு பார்தாண்ணா. அந்த ஆறுலதான் அத்தனை கன்னும் போல்ட்ட முடுக்குது."

அழுத்தத்தைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள் கேட்கிற கேள்விகளே வேறு. கம்ப்ரசர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது? ஃபில்டரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? சிலிண்டர் கழுத்தில் அடித்திருக்கும் தேதி என்ன? வழிகாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வழக்கமாக வருகிறவர்கள் சுறா இருக்குமா, வீடியோ எடுத்துத் தருவீர்களா என்றுதான் கேட்பார்களாம். கொட்டகையின் கூரைக்கு மேல் நீட்டியிருந்த உறிஞ்சு குழாயைக் காட்டினார். பக்கத்தில் ஒரு வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றால் அந்தக் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். தரையில் தலைவலியோடு தீர்ந்துபோகும் அளவு புகை, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது ஆளையே சாய்த்துவிடும். கழுத்தில் அடித்திருந்தது கடைசியாகத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்த தேதி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காக அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்த நாட்களில்தான் இந்தப் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஏரிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக எழுந்த ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் சேர்ந்த ஊர் அது. வேலைக்கு வருகிறவர்களில் பலர் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள். கிணற்றிலும் ஏரியிலும் குதித்து வளர்ந்தவர்கள். வார விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வாட்ஸப்பில் நடந்த விவாதத்தில் மகாபலிபுரம், ஏலகிரி எல்லாம் தோற்று, கடலுக்கு அடியில் போவது ஜெயித்துவிட்டது. மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்தார்கள். சிங்கபெருமாள் கோவில் வந்து, ஜி.எஸ்.டி. சாலை பிடித்து, திண்டிவனத்தில் டீ குடித்து, இருட்டு விலகுவதற்குள் புதுச்சேரி.

கொட்டகையில் முதல் வேலை மருத்துவப் படிவம் நிரப்புவது. ஆஸ்துமா, காதில் அறுவை, சைனஸ், ரத்த அழுத்தம், சமீபத்திய சளி என்று நீளமான பட்டியல். எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்துவிட்டு எழுந்த ஒரு பையனை வழிகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, நேத்து எப்பத் தூங்கினீங்க?"

"ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே வந்துட்டேண்ணா. வேன்ல தூங்கினேன்."

"அதுக்கு முந்தின நாளு?"

அன்று நைட் ஷிப்ட். வழிகாட்டி படிவத்தை மடித்துத் தனியாக வைத்துவிட்டார். "நீங்க படகுல வாங்க. மேலேயே மாஸ்க் போட்டு மிதந்து பாருங்க. கீழ வேணாம். பணத்துல பாதியத் திருப்பிக் கொடுத்துடறேன்." பையன் கெஞ்சினான். மூன்று ஷிப்ட் சேர்ந்தாற்போலப் பார்த்தவனாம், இதெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம். "இங்க ஓவர்டைம் கிடையாது தம்பி" என்று முடித்துவிட்டார்.

தூக்கம் கெட்ட உடம்பில் தண்ணீர்ச் சத்து குறைந்திருக்கும், நிதானம் குறைந்திருக்கும், பதற்றம் சீக்கிரம் வரும். இவை மூன்றும் நீருக்கடியில் ஆபத்து. தூங்காத ஆளை மிஷின் பக்கத்தில் விடுவதும் ஆபத்துதான். ஆனால் ஆள் பற்றாக்குறை என்றால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வந்த பணத்தில் பாதியை விட்டுக்கொடுத்து அதைக் கேட்ட மனிதர் மேல் எனக்கு அந்த இடத்திலேயே மரியாதை வந்துவிட்டது.

இடுப்பளவுத் தண்ணீர்த் தொட்டியில் பயிற்சி நடந்தது. வாயில் கடித்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் நழுவினால் எடுத்து மாட்டுவது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவது. கட்டை விரலை உயர்த்தினால் ‘நல்லாயிருக்கு’ என்று பொருளில்லை, ‘மேலே போகணும்’. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ கோளாறு. எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் அது நுரையீரலைக் கிழித்துக்கொண்டுதான் வழி தேடும்.

ஃபைபர் படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். படகோட்டி அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காற்று தென்னல், வெள்ளம் தெண்டி என்றார். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டம். அதற்கேற்ப நங்கூரத்தைப் பாறைக்குத் தெற்கே போட வேண்டும். ஜி.பி.எஸ். கருவி காலடியில் இருந்தது. அவர் கரையிலிருந்த கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் ஒரு உயரமான கட்டடத்தையும் நேராக வைத்துப் பார்த்துத்தான் இன்ஜினை நிறுத்தினார். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை இவர்கள் ‘பார்’ என்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளுக்கும் அதே பெயர்தான். தோலாயிரம் பார் என்று ஒன்று அங்கே இன்றும் உண்டு.

பாறைக்குப் போகிற வழியில், பாகங்களைச் சோதித்துத் தேர்வு செய்யும் குவாலிட்டி பிரிவில் இருக்கும் ஒரு பெண் ரெகுலேட்டரை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுத்தா மட்டும் காத்து வருது, விட்டா நின்னுடுது. இத யாரு சார் யோசிச்சது?" அதற்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது, ஏனென்றால் அந்தப் பதில் ஒரு கார் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை விறகு வாயுவில் ஓட்டினார்கள். இன்ஜின் கேட்கும் அளவு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வை எமில் காக்னான் என்ற பொறியாளர் செய்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவரிடம் வந்து, இன்ஜினுக்குப் பதிலாக ஒரு மனிதன் மூச்சிழுத்தால் திறக்குமா என்று கேட்டார். 1943இல் பிறந்தது அக்வாலங். இன்று உலகம் முழுவதும் முக்குளிப்பவர்கள் கடித்துக்கொண்டு போகும் கருவியின் முன்னோர் அதுதான். அந்தப் பெண் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்திலிருந்தவரை இடித்து, "டேய், இது நம்ம ஐட்டம்டா" என்றார்.

இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கை கையாக இறங்கினோம். மூன்று மீட்டரில் என்னோடு வந்த குவாலிட்டி பெண்ணுக்குக் காது வலித்தது. காதைச் சுட்டிக் கையை ஆட்டினார். வழிகாட்டி அவரை ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய் நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினார். மறுபடி இறக்கினார். மறுபடி வலி. மறுபடி ஏற்றினார். அவசரமே இல்லை. கரையில் பேசும்போது வேகமாகப் பேசுகிற மனிதர், இங்கே வேறு ஆளாக இருந்தார். கடைசியில் காது திறந்துகொண்டபோது அந்தப் பெண்ணின் கண் மாஸ்க்குக்குள் பெரிதாகச் சிரித்தது.

கீழே பாறை முழுக்க உயிர். கலவா ஒன்று பொந்துக்குள்ளிருந்து எங்களை முறைத்தது. மலங்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. சங்கரா கூட்டம் ஒன்று கடந்தது; காசிமேட்டில் கூடைக்குள் செக்கச்செவேலென்று கிடக்கும் மீன், இங்கே மங்கிய சாம்பலாக இருந்தது. வெளிச்சத்தில் தண்ணீர் முதலில் குடித்துவிடுவது சிவப்பைத்தான். வழிகாட்டி டார்ச் அடித்தார், சிவப்பு திரும்பி வந்தது.

நான் அதிகம் பார்த்தது மீன்களை விட அவரைத்தான் என்று சொல்ல வேண்டும். எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நீந்தினார். மீனை எங்களுக்குக் காட்டினாரே தவிர, அவர் பார்வை எங்கள் குமிழிகள் மேல் இருந்தது. சீராக, இடைவெளி விட்டு எழும் குமிழி என்றால் ஆள் நிம்மதியாக இருக்கிறார். நெருக்கமாகப் பொங்கினால் பயம் வந்துவிட்டது. நான் மேலே மிதக்கத் தொடங்குவதை நான் உணருமுன் என் மிதவை ஜாக்கெட்டிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியேற்றிவிட்டார். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தின்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆளுக்கு இங்கே 40 லிட்டர். கடைசி 50 பாரைத் தொடக்கூடாது என்று கழித்துவிட்டால் நாற்பது நிமிடச் சொச்சம்தான் கையிருப்பு. அந்தக் கணக்கு அவர் தலைக்குள் மூன்று பேருக்கும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. என் அழுத்த மீட்டரை நான் பார்க்கும் முன்பே அவர் கேட்பார்; நான் காட்டும் எண் அவர் எதிர்பார்த்ததாகவே இருக்கும். இடையில் பாறையில் சிக்கிக் கிடந்த நைலான் வலைத் துண்டைக் கண்டதும், எங்களை அங்கேயே மண்டியிட வைத்து, கத்தியால் அறுத்துச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டார். அறுந்த வலை யாருக்கும் சொந்தமில்லாமல் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வைத்தார். அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்திருக்கும் நைட்ரஜன், மெல்ல மூச்சு வழியே வெளியேற வேண்டும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டில் வலி, மோசமானால் முடக்கம். இந்த நோயை உலகுக்குத் தெரிவித்தவர்கள் தொழிலாளர்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு 1870களில் ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி அஸ்திவாரம் தோண்டியவர்கள் மேலே வந்ததும் சுருண்டு விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் அதே நோயில் விழுந்தார். எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம், எங்கே நின்று ஏறுவது என்ற முதல் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல், ஆடுகளை வைத்துச் சோதித்து, வெளியிட்டார். இன்று முக்குளிப்பவர்கள் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கின் வழிவந்தது.

நம் கடலிலும் இந்தக் கணக்கு பாதிப் பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சில் இறங்கினார்கள். மேலே கயிறு பிடிக்கிற ஆளின் கவனத்தில்தான் உயிர். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு எடுப்பது மட்டும் தொடர்கிறது. படகில் கம்ப்ரசரை வைத்து, நீளக் குழாய் வழியே காற்று இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் நடப்பவர்கள் உண்டு. மீட்டரும் இல்லை, நின்று ஏறும் பழக்கமும் இல்லை. கால் விழுந்துபோனவர்களைப் பற்றி வழிகாட்டி சொன்னபோது குரல் தாழ்ந்தது. ஒருநாள் சுற்றுலா வந்த எனக்குக் கிடைத்த மூன்று நிமிடம், அதையே பிழைப்பாகக் கொண்டவருக்குக் கிடைக்கவில்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. மீன்வளத் துறையோ பயிற்சி நிலையங்களோ அந்தக் குப்பங்களுக்குப் போய் இலவசமாகக் கற்றுத்தர வேண்டிய பாடம் இது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு முறை இறங்கிவிட்டு, மாலையில் கரை சேர்ந்தோம். உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடும் வேலையில் தொழிற்சாலைக்காரர்கள் கேட்காமலேயே சேர்ந்துகொண்டார்கள். சிலிண்டரைச் சுமப்பது, ஜாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டுக் கவிழ்ப்பது, ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்து மாட்டுவது. ஒருவர் சம்பளம் கேட்டார். சீசனில் பரவாயில்லை என்றார் வழிகாட்டி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கடல் கலங்கிவிடும், வேலை இல்லை. காதில் சீழ் வந்தால் பத்து நாள் இறங்க முடியாது. அந்தப் பத்து நாளுக்குக் கூலி இல்லை. அப்பா வலை வீசியவர். இவர் முதலில் இதே படகில் சிலிண்டர் தூக்கும் பையனாகச் சேர்ந்து, இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்.

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், கடல் வேண்டாம் என்கிறான், உங்கள் பக்கம் ஏதாவது கிடைக்குமா?

குவாலிட்டி பெண் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே விவரம் சொன்னார். "முதல்ல அப்ரண்டிஸாத்தான் எடுப்பாங்கண்ணா. பஸ்சும் கேன்டீனும் உண்டு. பர்மனென்ட் பண்ணித் தரேன்னு யாராவது பணம் கேட்டா கொடுத்துடாதீங்க. மார்க் ஷீட், டி.சி., ஆதார், எல்லாத்துலயும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ரூம் நாங்க பார்த்துத் தரோம்." நம்பரை வழிகாட்டியின் போனில் ஏற்றிக்கொடுத்தார். இன்ஜின் லைன்காரர் அதற்குள், "புதன்கிழமை வரச் சொல்லுக்கா, அன்னிக்குத்தான் எனக்கு செகண்ட் ஷிப்ட், காலைல நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வேனுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.