கூப்பிடு தூரம்

சட்டமன்றத் தேர்தல் என்றால் காலையிலேயே வரிசையில் நின்று, மை வைத்த விரலைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறாய். மாநகராட்சித் தேர்தல் வந்தால் மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாய். நீ ஒருவன் மட்டும் இல்லை தம்பி. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, சென்னையின் 200 வார்டுகளில் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 60 சதவீதம். 1688-இல் தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழைய மாநகராட்சிக்கு நாம் செய்த மரியாதை இது!

முதலமைச்சரை நீ தெருவில் பார்க்கப்போவதில்லை. கவுன்சிலரைப் பார்க்கலாம். விளக்கு எரியவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை என்று டீக்கடை வாசலிலேயே நிறுத்திக் கேட்கலாம். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 மார்ச் வரை அப்படிக் கேட்க இங்கே ஆளே இல்லை. தனி அலுவலரின் பொறுப்பில் ஊர் ஓடியது. மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால் மனுவை எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். கவுன்சிலர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த பேச்சு. திட்டுவதற்காவது ஒருவர் வேண்டும். இன்னொன்று: மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். வார்டைக் கோட்டைவிட்டவன் மேயரைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தமில்லை.

வாக்களித்த கையோடு மெஸ்ஸுக்குப் போ; அங்கேயும் நேரில் கேட்க ஆள் உண்டு. வீட்டுக்கு வரவழைத்து டப்பாவில் தின்னாதே. அளவுச் சாப்பாடு வேண்டாம், இலைச் சாப்பாடு வாங்கு. எதிரில் முன்பின் தெரியாத ஒருவர் உட்காருவார், உட்காரட்டும். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பரிமாறுகிறவரின் முகத்தைப் பார். நிமிர்ந்து பார்க்கிறவனுக்குத்தான் வத்தக்குழம்பு இரண்டாம் தடவை வரும். உப்புக் குறைந்திருந்தால் அவரிடமே சொல். ராத்திரி போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத் தூங்குவது கோழைத்தனம் என்பது என் கட்சி.

சாயங்காலம் நாடகம்; அதுவும் நேருக்கு நேர்தான். சபாவில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், நிறைந்த பாதியில் என்னைப்போல நரைத்த தலைகள்தான். அதனால் என்ன? மேடைக்கு மேலே தொங்கும் மைக்குக்கு அடியில் வந்து நின்று வசனம் பேசுவதைப் பார்த்தால் முதலில் உனக்குச் சிரிப்புத்தான் வரும். பத்து நிமிஷம் பொறுத்துக்கொள். சோ 1968-இல் 'முகமது பின் துக்ளக்'கை மேடையேற்றியபோதும், கோமல் சுவாமிநாதன் 1980-இல் 'தண்ணீர் தண்ணீர்' போட்டபோதும் அரசியலும் குடிதண்ணீரும் சபா நாற்காலிக்கு எதிரிலேயே வந்து நின்றன. இரண்டும் பிறகு சினிமாவாகவும் வந்தன. சினிமாவில் நீ கொட்டாவி விட்டால் நடிகருக்குத் தெரியாது. இங்கே தெரியும்; நீ சிரித்தால் அடுத்த வசனத்துக்கு அவர் ஒரு நொடி நிற்பார்.

திரை விழுந்ததும் வண்டியைத் தேடி ஓடாதே. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனால் அரிதாரம் கலைத்துக்கொண்டிருப்பார்கள். எந்த வசனம் காதில் விழவில்லை, எந்தக் காட்சி இழுத்தது என்று தயங்காமல் சொல். பெரும்பாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "அடுத்த வாரமும் வாங்க" என்பார்கள்.

போ, அடுத்த வாரமும்.